பதில்: எய்லி குழு ஆடினால் எய்லி அமைத்ததா?
தங்கச்சி, 'கிரேஸ்' நடனத்தை அமெரிக்க நடன அமைப்பாளர் அல்வின் எய்லி அமைத்ததாக ஒப்படையில் எழுதியதற்குப் புள்ளி குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குறைத்தது சரிதான். எய்லி 1989இலேயே இறந்துவிட்டார், 'கிரேஸ்' வந்தது 1999இல். அமைத்தவர் ரொனால்ட் கே. பிரவுண். எய்லி 1958இல் நியூயோர்க்கில் தொடங்கிய நடனக் குழுவுக்காகப் பிரவுண் அதை அமைத்தார், அவ்வளவுதான். 1960இல் வந்த 'ரெவலேஷன்ஸ்' எய்லியே அமைத்தது. அதையும் அதே குழு இன்றும் ஆடுகிறது. அதனால்தான் குழம்புகிறது, நானும் ஒருகாலம் குழம்பியவன்தான்.

எங்கள் கூத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டுக் கட்டிய புலவர் ஒருவர், ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் இன்னொருவர். ஆடுவது எந்த ஊர் என்றாலும் புலவரின் பெயர் மாறுமா?

ஒப்படையைத் திருத்தும்போது ஒவ்வொரு நடனத்துக்கும் அமைத்தவர், ஆண்டு, ஆடிய குழு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அப்புறம், காணொளியின் தலைப்பை நம்பவேண்டாம். அதில் பெரும்பாலும் குழுவின் பெயர்தான் இருக்கும்.