பக்கத்து மனையை உயர்த்தினால் தடுப்புச் சுவர் யார் செலவு?

கேள்வி: பக்கத்து மனைக்காரர் மண் அடித்து, தரையை 4 அடி உயர்த்தி வீடு கட்டியிருக்கிறார். நடுவிலுள்ள பழைய காம்பவுண்டு சுவர் எங்கள் பக்கம் சாய்கிறது. கான்கிரீட்டில் தடுப்புச் சுவர் எழுப்பலாம், பொது எல்லை என்பதால் பாதிச் செலவு உங்களுடையது என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: பாதி கொடுக்க வேண்டியதில்லை. எல்லை பொது என்பதால் சுவரின் செலவும் பொது ஆகிவிடாது. எல்லை காட்டும் சுவர் வேறு, மண்ணைத் தாங்கும் சுவர் வேறு. தாங்க வேண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டியவர் அவர், ஆகவே அதைத் தாங்கும் செலவும் அவருடையது. இயற்கையாக இருந்த மட்டத்தில் ஒருவரின் நிலத்துக்குப் பக்கத்து மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்பதை ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகள் ஏற்கின்றன. பிறகு கொட்டிய மண்ணுக்கு அந்த உரிமை தானாக வராது. அவருடைய புதுத் தரைக்கு மேல் எழும்பும் மறைப்புச் சுவர் இருவருக்கும் பயன்படும். பங்கு பேசுவதானால் அதற்கு மட்டும் பேசுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். உங்கள் மனையில் எப்போதாவது மண் வெட்டி எடுத்தார்களா? கார் நிறுத்தவோ, தரையைச் சமன் செய்யவோ முந்தைய உரிமையாளர் தோண்டியிருந்தால்கூட, அந்த அளவுக்குப் பொறுப்பு உங்கள் பக்கம் வரலாம். பழைய சுவரே இதற்குச் சாட்சி. உங்கள் பக்கம் அதன் அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தால் உங்கள் தரை இறங்கியிருக்கிறது. அவர் பக்கம் பூச்சும் பெயிண்டும் மண்ணுக்குள் போயிருந்தால் அவர் தரை ஏறியிருக்கிறது. இரண்டும் தெரிந்தால் இரண்டும் நடந்திருக்கிறது, செலவையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். பழைய மரங்களின் அடிவேர், கிணற்றின் வாய் விளிம்பு, பழைய புகைப்படங்கள் ஆகியவற்றையும் பாருங்கள். சுவரை இடிப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

அப்புறம், இந்த மாதிரி வேலைகளில் நடுவில் வரும் கான்ட்ராக்டரிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். "ஆளுக்குப் பாதி போடுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று சமாதானம் பேசுபவர் உங்கள் நன்மைக்காகப் பேசவில்லை. இரண்டு பேரிடம் வாங்கினால் அவருக்கு வசூல் சுலபம். வரைபடம் இல்லாமல் அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். சுவரின் உயரம் இரு மடங்கானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரை அடியிலிருந்து கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகும். இது கொத்தனாரின் கண் அளவில் தீர்மானிக்கிற வேலை இல்லை. கம்பிக் கணக்கோடு ஓர் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும்.

அடித்தளத்தையும் கேளுங்கள். இந்த உயரச் சுவருக்கு அடியில் சுமார் இரண்டு, இரண்டரை அடி அகலம் தேவைப்படும். அது யார் மண்ணுக்குள் போகிறது? எல்லைக்கு அந்தப் பக்கமே முழுவதும் அடங்க வேண்டும். மேலே சுவர் நேராக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், பின்னாளில் நீங்கள் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் அவருடைய கான்கிரீட் உங்கள் இடத்தில் கிடப்பது தெரியும்.

தடுப்புச் சுவர்களைப் பெரும்பாலும் சாய்ப்பது தேங்கிய தண்ணீர்தான். மழையில் மண் ஊறி நீர் நின்றால், காய்ந்த மண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் வரும். அதனால் சுவருக்குப் பின்னால் ஜல்லியும் துளையிட்ட குழாயும் கட்டாயம் வைக்க வேண்டும். வெறும் துளைகள் மட்டும் விட்டால் அவர் வீட்டுத் தண்ணீர் முழுக்க உங்கள் முற்றத்தில் இறங்கும். குழாய் அவர் பக்கமாகவே ஓடி வடிகாலில் சேர வேண்டும்.

உண்மையில் இதையெல்லாம் அனுமதி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் அளவுவரை கேட்கும் அலுவலகங்கள் பல இடங்களில் தரை மட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. சுவர் சாய்ந்த பிறகு போனால் "இது உங்க ரெண்டு பேர் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். மழைக்காலம் கோர்ட்டுக்காகக் காத்திருக்காது.

ஆகவே முதலில் அவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். சுவர் சாய்கிறது, காரணம் மண் நிரப்பியது, இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று சுருக்கமாக எழுதி, ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். அவர் சம்மதித்தால், சுவர் யாருடையது, குழாயைப் பராமரிப்பது யார், மறைப்புச் சுவரில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகு மட்டும் பணத்தை எடுங்கள். அதுவரை சாயும் சுவரின் அருகில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள்.