படம் எடுக்கப் போகிறேன் என்கிற மகளும், பயந்துபோன ஆச்சியும்

ஆச்சி,

"பி.காம். முடிக்கப் போகிற பிள்ளை, பேங்க் பரீட்சை எழுதாமல் படம் எடுக்கப் போறேங்கிறாளே, சோறு போடுமா?" என்று வாசலில் நின்று கேட்டீர்கள். உடனே போடும் என்று சொல்ல மாட்டேன். சொந்தமாகப் படம் எடுக்கிறவர்கள் முதல் சில வருடம் எடிட்டிங், கல்யாண வீடியோ என்று கிடைத்ததைச் செய்துதான் ஓட்டுகிறார்கள். அதனால் டிகிரியை விட வேண்டாம். பூனா, கல்கத்தா இரண்டிலும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகள் இருக்கின்றன. இயக்கம் படிக்க அங்கே ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், பி.காம். போதும். நுழைவுத் தேர்வு கடினம். ஒரு வருடம் தயாராகட்டும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதை உங்கள் மகள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து ஒரு கை கலர் சிமெண்டை ஊற்றுகிறது. அப்புறம் கண்ணாடியிலிருந்து கல் கழன்று வருகிறது, அதன் பளபளப்பில் ஜன்னல் தெரிகிறது. அந்த இடத்தில் அவசரப்பட்டு காட்சியை வெட்டாமல் காத்திருந்தாளே, அதைப் பார்த்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வழிகாட்டுவார்களாமே என்றும் கேட்டீர்கள். உண்மைதான். பெர்லின் திரைப்பட விழாவோடு சேர்ந்து வருடா வருடம் வளர்ந்து வரும் படக் கலைஞர்கள் சுமார் 200 பேரை அழைத்து, அனுபவசாலிகளோடு உட்கார வைக்கிறார்கள். நெதர்லாந்தில் நடக்கும் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, கதை எழுதுகிற கட்டத்திலேயே பணம் தருகிறது. கோயம்புத்தூரை வைத்து எடுத்த 'நசீர்' அந்த உதவி பெற்று 2020இல் அங்கே திரையிடப்பட்டது. அடுத்த வருடமே மதுரைப் பக்கத்துக் கதையான 'கூழாங்கல்' அங்கே முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கோவாவில் ஃபிலிம் பஜார் என்கிற திரைப்படச் சந்தை இருக்கிறது. அங்கே திரைக்கதைப் பட்டறைக்குத் தேர்வானால் பெரிய எழுத்தாளர்கள் கூட உட்கார்ந்து கதையைத் திருத்தித் தருவார்கள்.

இதற்கெல்லாம் தேர்வாக, முடித்த குறும்படமோ எழுதி முடித்த கதையோ கையில் இருக்க வேண்டும். கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதவும் பழக வேண்டும். நம் பிள்ளைகள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். "வெளிநாட்டுப் பயிற்சி வாங்கித் தருகிறேன், லட்ச ரூபாய் கட்டுங்கள்" என்று எவராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். நல்ல இடங்கள் வேலையைப் பார்த்துத்தான் எடுக்கின்றன. அங்கே தரகருக்கு வேலை இல்லை.

சினிமா நமக்கு அந்நியமும் இல்லை ஆச்சி. 1947இல் வந்த 'நாம் இருவர்' நம் காரைக்குடியில் எடுத்த படம்தானே. இன்றைக்கும் கானாடுகாத்தான் வீடுகளுக்கு ஷூட்டிங் ஆட்கள் வந்துபோகிறார்கள். அவர்கள் நம் வளவு முற்றத்தையும் தூணையும் எடுக்கிறார்கள். உங்கள் மகள் அந்தத் தரையைச் செய்கிற கையை எடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை அவளை அனுப்பி வையுங்கள். ஆத்தங்குடிப் படத்தில் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்குகிறது. அதைச் சரிசெய்து, கீழே ஆங்கில வரி போட்டு, முதல் விண்ணப்பத்தை என் மேஜையிலேயே நிரப்பிவிடலாம்.