வெப்சைட் சந்தேகங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

இரண்டு மாவட்டங்களிலும் கடையோ தொழிலோ நடத்தி அதற்கு வெப்சைட் வைத்திருப்பவர்களும், வெப்சைட் செய்யப் பழகும் மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சந்தூர், மாந்தோட்டக்காரர்: சீசனுக்கு ஆர்டர் எடுக்க சைட் போட்டிருக்கிறோம். வீட்டு வைஃபையில் சட்டென்று திறக்கிறது. வாங்குபவர்கள் போனில் திறக்கவே மாட்டேன் என்கிறது என்கிறார்கள். ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா சார்?

ஹோஸ்டிங்கில் (சைட்டின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை சர்வரில்) கை வைக்கும் முன் படங்களைப் பாருங்கள். உங்கள் சைட்டில் செந்தூரா, மல்கோவா, பெங்களூரா என்று ரகத்துக்கு ஒரு படம் இருக்கும். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தால் ஒவ்வொன்றும் 4000 பிக்சல் அகலம், நாலைந்து எம்பி எடை. பத்து ரகம் என்றால் 40 எம்பிக்கு மேல். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திறப்பவர் அவ்வளவையும் இறக்க வேண்டும், அதுவும் அவருடைய டேட்டாவில்.

போன் திரைக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்யும். அப்புறம், கீழே வரும் படங்களுக்கு மட்டும் லேசி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை) போடுங்கள். திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்குப் போட்டால் அதுவே தாமதமாகும், நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் உயரத்தையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும், மல்கோவாவைத் தொடப்போன விரல் பெங்களூராவில் விழும்.

முதன்மையான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனைப் பக்கத்தில் உங்கள் சைட் முகவரியைக் கொடுத்தால் எங்கே நேரம் போகிறது என்று சொல்லும். படங்களைச் சரிசெய்த பிறகும் சர்வர் பதில் தரவே தாமதம் என்று அது காட்டினால், அப்போது ஹோஸ்டிங்கை மாற்றலாம். இதையெல்லாம் விட முக்கியம், வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே விலை குறைந்த போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, லேப்டாப்பில் எல்லாப் படமும் தெரிகிறது. சர்வரில் ஏற்றினால் பாதியைக் காணோம்.

கோப்பின் பெயரைப் பார் தம்பி. விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான சர்வர்களில் இருப்பது லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. கேமரா, கோப்புப் பெயரின் கடைசியில் வரும் 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், நீ சின்ன எழுத்தில் எழுதியிருப்பாய். இனி எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

தருமபுரி, அச்சகம் நடத்துபவர்: பழைய கட்டுரைகளை சைட்டில் ஏற்றினால் சிலது ஆங்கில எழுத்தாக வருகிறது, சிலது வெறும் கேள்விக்குறியாக வருகிறது. எல்லாம் ஒரே கோளாறா?

இல்லை, வேறு வேறு கோளாறு. வைத்தியமும் வேறு.

ஆங்கில எழுத்தாக வருவது பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்தது. அங்கே கணினிக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் அதற்குத் தமிழ் உருவம் கொடுத்தது. யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றியில் போட்டு எடுங்கள். எடுத்ததை ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். குறிப்பாக கொ, கோ, கௌ வரிசைகளைப் பாருங்கள். பழைய முறையில் கொம்பை முன்னால் அடித்துப் பழகியதால் அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும்.

மேலே கோடும் புள்ளியும் வைத்த விநோத ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எழுத்து பத்திரமாக இருக்கும், பிரவுசர் அதைத் தவறாகப் படிக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதி தொடங்கியதுமே யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை) என்று அறிவித்தால் தீரும்.

கேள்விக்குறிதான் மோசம். தமிழைத் தாங்காத டேட்டாபேஸ் அட்டவணையில் சேமித்தபோதே எழுத்து போய்விட்டது, பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். அதற்கு முன் மைஎஸ்க்யூஎல் (சைட்டின் டேட்டாபேஸ்) அட்டவணையை 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் 'யூடிஎஃப்8' என்று அங்கே இருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு 3 பைட் போதும், ஆனால் யாராவது ஒரு இமோஜி போட்டால் அதற்கு 4 வேண்டும், பதிவு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றுவதற்குச் சோம்பி, கட்டுரைகளைப் படமாக ஏற்றிவிடாதீர்கள். படத்தில் இருப்பதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவருக்குப் போன் வாசித்துக் காட்டவும் தடுமாறும். அத்தனை வருட எழுத்து, எழுத்தாகவே இருக்கட்டும்.

ஊத்தங்கரை, டிசைன் செய்யும் தங்கை: ஆங்கிலத்தில் அழகாக இருந்த தலைப்பு தமிழில் போட்டதும் மேலே வெட்டுப்படுகிறது அண்ணா, சொல்லும் பெட்டிக்கு வெளியே போகிறது.

ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரம் (line-height) தமிழுக்குப் போதாதும்மா. கீ, மூ எல்லாம் மேலும் கீழும் இடம் கேட்கும். உரைக்கு 1.7 அளவில் வை, தலைப்புக்கு 1.4க்குக் கீழே இறக்காதே. பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல் தானாக வளர விடு. எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி (letter-spacing) தமிழுக்கு வேண்டாம், சொல் கலைந்து போகும். நீளச் சொற்கள் பெட்டிக்குள் மடங்கி அடுத்த வரிக்குப் போக ஓவர்ஃப்ளோ-ராப் (overflow-wrap) கொடு. மாதிரிக்கு எப்போதும் 'ஒருங்கிணைக்கப்பட்ட' மாதிரி ஒரு சொல்லைப் போட்டுப் பார், 'முகப்பு' போட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

அரூர், பயிற்சி மையம்: பதிவுப் படிவத்தில் தமிழில் பெயர் எழுதினால் 'தவறான பெயர்' என்கிறது.

படிவம் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதிக்கிறது. யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் 'குறி' என்ற தனி வகை. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். நமக்கு 'மாம்பழம்' 5 எழுத்து, கணினிக்கு அது 8 குறியீடு. அதனால் நீள வரம்பையும் தாராளமாக வையுங்கள்.

கையோடு இன்னொரு வேலை. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். நம் ஊரில் இனிஷியலும் பெயரும்தான். அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்தும் அப்பா பெயரை இரண்டு முறை எழுதியும் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் போதும்.

ஓசூர், ரோஜா ஏற்றுமதி: சைட்டில் எழுதிக் கேட்பவர்களின் மெயில் எங்களுக்கு வருவதே இல்லை.

முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அநேகமாக உங்கள் படிவம், கேட்பவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்புகிறது. மெயில் சர்வருக்கு அது ஆள்மாறாட்டம். அனுப்புநராக உங்கள் டொமைன் (சைட்டின் பெயர்) கொண்ட மெயில் முகவரி இருக்கட்டும், கேட்பவர் முகவரியை 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வையுங்கள். எஸ்பிஎஃப் (SPF), டிகிம் (DKIM) பதிவுகளையும் டொமைனில் சேருங்கள், மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டுபவை அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்கிறது. வந்த கேள்விகள் டேட்டாபேஸிலும் பதிவாகட்டும், மெயில் தவறினாலும் ஆர்டர் தவறாது.

கிருஷ்ணகிரி, கடைக்காரர்: தம்பி, சைட் செய்துகொடுத்தவர் இப்போது போனே எடுப்பதில்லை. டொமைன் என்னுடையதா, அவருடையதா?

காசு கொடுத்தவர் நீங்கள்தான், ஆனால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான் பதிவு நிறுவனம் உரிமையாளராகப் பார்க்கும். எனக்கு வரும் கேள்விகளில் மனதைக் கஷ்டப்படுத்துவது இதுதான். வருடக்கணக்காகப் பெயர் பலகையிலும் பில்லிலும் அச்சடித்த முகவரி ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும்.

இன்றைக்கே 'ஹூ இஸ்' (WHOIS, டொமைன் பதிவு விவரம் காட்டும்) தேடலில் உங்கள் டொமைனைப் போடுங்கள். உரிமையாளர் பெயர் மறைத்திருந்தாலும் எந்தப் பதிவு நிறுவனம், எப்போது காலாவதி என்ற இரண்டும் தெரியும். அந்தத் தேதிக்கு முன்னால் செய்துகொடுத்தவரை நேரில் பாருங்கள். கோபப்படாமல், டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரவோ மாற்றக் குறியீட்டை (டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்கும் ரகசிய எண்) வாங்கித் தரவோ கேளுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள், பல இடங்களில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆள் கிடைக்கவே இல்லை என்றால் பில், பணம் அனுப்பிய விவரம், ஜிஎஸ்டி சான்று எல்லாவற்றையும் வைத்துப் பதிவு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது டொமைனையும் ஹோஸ்டிங்கையும் உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் நீங்களே வாங்குங்கள். செய்பவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன், வாடிக்கையாளரின் டொமைனை நம் பெயரில் வைத்துக்கொள்வது நியாயமே இல்லை.

பர்கூர், கிரானைட் வியாபாரம்: குரோமில் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது.

சைட்டை எச்டிடிபிஎஸ் (https) முகவரியில் பாதுகாப்பாகத் திறக்க ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானில் கிடைக்கும். 90 நாள்தான் செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிடுங்கள். போட்ட பிறகும் குறை காட்டினால் ஏதோ ஒரு படமோ ஸ்கிரிப்டோ இன்னும் பழைய எச்டிடிபி (http) முகவரியில் இருக்கிறது.

காரிமங்கலம், மாணவி: சிஎஸ்எஸ்ஸை மாற்றினாலும் பழையபடியே தெரிகிறது அண்ணா.

பிரவுசர் பழைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் நிறம், அளவு, அமைப்பைச் சொல்லும்) கோப்பைச் சேமித்து வைத்திருக்கிறது. கோப்பு முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேர், மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்று.

ஒகேனக்கல், தங்கும் விடுதி: சைட்டைப் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை.

உங்கள் நம்பர் பேனர் படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகாது, பார்த்து மனப்பாடம் செய்துதான் அடிக்க வேண்டும். நம்பரை எழுத்தாகப் போட்டு அழைப்பு இணைப்பு கொடுங்கள், பக்கத்திலேயே வாட்ஸ்அப் இணைப்பும் இருக்கட்டும். அறை வாடகையையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழியையும் மேலேயே எழுதுங்கள். பெங்களூரிலிருந்து வருபவர்களுக்காக அதே விவரத்தைக் கன்னடத்திலும் சேருங்கள். நம்பருக்கு முன்னால் 91 போட மறக்க வேண்டாம், அது இல்லாமல் வாட்ஸ்அப் இணைப்பு திறக்காது.