நடிகர் கையில் கல்லாப்பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது வருடமாகக் குறும்படங்களிலும் சின்னப் படங்களிலும் நடிக்கிறேன். பெயர் சொல்லும்படி ஒரு வேடம் அமையவில்லை. என் சேமிப்போடு இரண்டு நண்பர்களின் பணத்தையும் சேர்த்து, நானே தயாரித்து நாயகனாக நடிக்கலாம் என்றிருக்கிறேன். இயக்குநர் வேறொருவர். 90 பக்கத் திரைக்கதை, 18 நாள் ஷூட்டிங். பணம் ஷூட்டிங் முடியும்வரை தாங்கும். மீதியை, எடுத்ததைக் காட்டி வாங்கிவிடலாம் என்கிறார்கள். இறங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இறங்கலாம். அந்த ‘எடுத்ததைக் காட்டி வாங்கிவிடலாம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். பாதியில் நிற்கும் படத்துக்குப் பணம் போட வருபவர் வைத்ததுதான் விலை. எடிட்டிங், ஒலிக்கலவை, கலர், இசை, டிசிபி (தியேட்டரில் திரையிடும் டிஜிட்டல் பிரதி) எல்லாவற்றுக்கும் சேர்த்து பட்ஜெட்டில் கால் பங்கையாவது இப்போதே எடுத்து, உங்கள் ஒரு கையெழுத்தில் எடுக்க முடியாத கணக்கில் போட்டுவிடுங்கள். எதிர்பாராத செலவுக்கு இன்னொரு 10 சதவீதம். மிச்சத்துக்குள் படம் அடங்காவிட்டால் வெட்ட வேண்டியது திரைக்கதையை.

உங்கள் கணக்குப்படி நாளுக்கு 5 பக்கம். ஒரே அறையில் இருவர் பேசுவதென்றால் முடியும். இரவு, மழை, கூட்டம் என்று எழுதியிருந்தால் 2 பக்கமே திண்டாட்டம். ஹாலிவுட்டில் நடித்த சம்பளத்தைப் போட்டுப் படமெடுத்த ஜான் கசவெட்டிஸ் தன் வீட்டையே லொகேஷனாக்கினார். அப்படியும் 1965இல் எடுக்கத் தொடங்கிய படம் 1968இல்தான் வெளியானது.

ஸ்பாட்டில் நீங்கள் நடிகர் மட்டுமே. அன்றாடச் செலவையும் ஷெட்யூலையும் பார்த்துக்கொள்ள, உங்களிடமே ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஒரு லைன் புரொட்யூசர் வேண்டும். வண்டி வாடகை பாக்கியைப் பேசிவிட்டு நேராக அழுகைக் காட்சிக்குப் போனால் கண்ணில் கணக்குதான் ஓடும். நீங்கள் இல்லாத காட்சிகளைச் சேர்த்து ஷெட்யூலின் நடுவே இரண்டு நாள் ஒதுக்குங்கள், எடுத்ததைப் பார்க்கவும் பில்களைப் பார்க்கவும். கனமான காட்சியை முதல் மூன்று நாளில் வைக்காதீர்கள். குழுவுக்குக் கை பழகியிருக்காது. கடைசி நாளும் வேண்டாம். எல்லாப் பாக்கியும் அன்றுதான் வந்து நிற்கும்.

சின்னப் படத்தின் வறுமை முதலில் காதில்தான் விழும். சட்டைக்குள் ஒட்டிய மைக் துணியில் உரசினால் அந்த வசனம் போனது போனதுதான். தலைக்கு மேல் கம்பில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக்கும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் எல்லோரும் அசையாமல் நின்று 60 விநாடி வெறும் அறையின் ஒலியைப் பதிவுசெய்யுங்கள். வசனத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். ஷூட்டிங் நடக்கும் வீட்டில் இரைச்சல் பதிவாகாமலிருக்க ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய தந்திரம். சாவியை எடுக்க வந்து ஃபிரிட்ஜைத் திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

கேமரா ஓடுமுன் காகிதம். கதாசிரியரிடம் உரிமை, ஒவ்வொரு நடிகரிடமும் கையெழுத்து, இட அனுமதி. ஏற்கெனவே வெளியான பாட்டென்றால் இரண்டு உரிமை: மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. விழாவுக்கு மட்டும் வாங்கிய உரிமை ஓடிடிக்குச் செல்லாது. படம் கவனம் பெற்றபின் கேட்டால் விலை ஏறியிருக்கும். உங்கள் சம்பளத்தையும் பூஜ்யம் என்று எழுதாமல் தள்ளிவைத்த சம்பளம் என்று எழுதுங்கள். நண்பர்கள் போட்ட பணம் திரும்பிய பிறகா, முன்பா என்பதையும் சேர்த்து.

ஸ்டில்ஸுக்கு ஆள் இருக்கிறாரா? எல்லோரும் மறப்பது இதை. ஓடும் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து போஸ்டருக்குப் பெரிதாக்கினால் முகம் கலங்கித் தெரியும். அந்த முகம் உங்களுடையது.