தாய்மை: அதிகாரமா, தளையா? உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பதில்

தாய்மையைப் போற்றும் பெண்ணியப் புனைவையும் அதைத் துறக்கும் புனைவையும் ஒரே ஆய்வேட்டில் இணைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பிறப்பைப் பற்றிய முடிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லேண்ட்' (1915) நாவலில், ஆணின்றிக் கருவுறும் பெண்கள் தாய்மையையே சமூகத்தின் அடித்தளமாக்குகிறார்கள். ஆயினும் தகுதி குறைந்தவர்களாகக் கருதப்படுவோர் தாய்மையைத் துறக்கும்படி வேண்டப்படுகிறார்கள் என்பதைத் தயவுசெய்து கடந்து போய்விடாதீர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மார்ஜ் பியர்சியின் 'வுமன் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம்' (1976) நாவல் இன்னும் ஆழமானது என்பது என் உறுதியான எண்ணம். அதன் எதிர்காலச் சமூகத்தில் கருவிலுள்ள குழந்தைகள் தாயின் வயிற்றில் அல்லாமல் ஒரு கருவிக்குள் வளர்கின்றன; ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று தாய்மார், ஆண்களும் பாலூட்டுகிறார்கள். சமத்துவத்துக்காகப் பெண்கள் தங்களிடமிருந்த ஒரே அதிகாரமான பிள்ளைப்பேற்றையும் விட்டுக்கொடுத்தார்கள் என்று விளக்கப்படும்போது, தன் மகளை அரசிடம் பறிகொடுத்த நாயகி கோனி கொள்ளும் சினத்தை உங்கள் ஆய்வின் மையமாக்கலாம்.