வெளிநாட்டு டாக்டர் ஃப்ளைட் ஏறிட்டா அப்புறம் யார் பாக்குறது?

கேள்வி: சண்டை நடக்குற நாடுகள்ல ஆஸ்பத்திரி நடத்துற ஒரு அமைப்புக்கு மாசாமாசம் கொஞ்சம் பணம் அனுப்புறேன். அங்க உள்ள ஸ்டாஃபுக்கு டிரெயினிங் குடுக்கவும் அதுல செலவு பண்றாங்களாம். குண்டு விழுற நேரத்துல கிளாஸ் எதுக்கு, அந்தக் காசுக்கு மருந்து வாங்கலாம்ல? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க சார். உங்க காசுலயே ரொம்ப வருஷம் நிக்கப்போறது அந்த டிரெயினிங்தான். வெட்டுக்காயம்னு வந்தா கழுவி தையல் போட்டு அனுப்புறதுதான் டாக்டருங்க வழக்கமா பழகுறது. குண்டடி பட்ட காயத்துல அதையே செஞ்சா உயிருக்கே ஆபத்து, ஏன்னா குண்டோட சேர்ந்து துணி, மண்ணு எல்லாம் உள்ள போயிருக்கும், சுத்தி இருக்குற சதையும் செத்திருக்கும், மேல மூடிட்டா உள்ள அழுக ஆரம்பிச்சிடும். அதனால செத்த சதைய வெட்டி எடுத்துட்டு, காயத்த தைக்காம திறந்தே விட்டு காஸ் துணி வச்சு கட்டி, நாலஞ்சு நாள் கழிச்சு பிரிச்சுப் பாத்து சுத்தமா இருந்தாதான் தைக்கணும். செஞ்சிலுவைச் சங்கத்து சர்ஜன்கள் போற இடத்துல எல்லாம் சொல்லிக் குடுக்குறது இதைத்தான். இது தெரியாத இடத்துல எத்தனை பெட்டி மருந்து இறக்கினாலும் காயம் அழுகத்தான் செய்யும். அதே மாதிரி ஒரே நேரத்துல 40 பேர தூக்கிட்டு வந்தா, கத்துறவங்கள விட்டுட்டு சத்தமே இல்லாம கிடக்குறவங்கள முதல்ல பாக்கணும்னு வாசல்ல நிக்கிற நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும். ஆப்கானிஸ்தான்ல 2002ல மொத்த நாட்டுக்கும் பயிற்சி பெற்ற மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்கப் படிச்சவங்க, 467 பேர்தான். அப்ப எடுத்த சர்வேல, ஒரு லட்சம் குழந்தை பிறந்தா கிட்டத்தட்ட 1,600 அம்மாக்கள் செத்துப் போறாங்கன்னு தெரிஞ்சுது, படக்ஷான் மலையில ராக்ங்கிற பகுதியில அது 6,500. முதல்தடவ படிச்சப்ப அச்சுப்பிழைன்னு நெனச்சேன், இல்ல, உண்மைதான். அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, கிராமத்துப் பொண்ணுங்களையே அந்தந்த ஊர்லருந்து தேர்ந்தெடுத்து, முதல்ல 18 மாசம், பின்னாடி 2 வருஷம்னு படிக்கவச்சு, திரும்ப அதே ஊருக்கு வேலைக்கு அனுப்புனாங்க. நகரத்துலருந்து வர்றவங்க அந்த மலையில தங்க மாட்டாங்க, சொந்த ஊர்க்காரி தங்குவா. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கணக்குல அந்த 1,600, 620க்கு வந்திருக்கு. ரோடு, கிளினிக் எல்லாம் சேர்ந்துதான் இது நடந்துது, ஆனா பிரசவம் பாக்க ஆளே இல்லன்னா ரோடு போட்டு என்ன செய்ய?

கேள்வி: பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஐ.சி.யூ.ல வேலை பாக்குறா. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புல சேர்ந்து வெளிநாடு போறேங்குறா. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. (வாசகி, ஈரோடு)

பதில்: பயப்படாதீங்கன்னு சொன்னா அது பொய்யா போயிடும்மா. 2015 அக்டோபர் 3ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி, ஆப்கானிஸ்தான்ல குந்தூஸ்ங்கிற ஊர்ல அவங்க நடத்துன ஆஸ்பத்திரி மேல அமெரிக்க விமானம் சுட்டுது. எங்க இருக்கோம்னு முன்னாடியே இடக்குறிப்பு குடுத்திருந்தும் 42 பேர் செத்தாங்க, அதுல 14 பேர் ஸ்டாஃப், அவங்க எல்லாருமே ஆப்கான்காரங்க. இந்த அமைப்புல வேலை பாக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தந்த நாட்டு ஆட்கள்தான். ஆபத்து அதிகமா அவங்களுக்குத்தான், ஊர விட்டு கிளம்பவும் அவங்களால முடியாது.

உங்க பொண்ணு போனா அவளுக்கு இருக்குற முக்கியமான வேலையே அங்க உள்ள நர்ஸுங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்குறதுதான். அதனாலதான் பொதுவா 2 வருஷ அனுபவமாவது கேக்குறாங்க. அந்த 2 வருஷம் இங்கயே நல்லா வேலை பாக்கட்டும், அப்பவும் போகணும்னா டெல்லி ஆபீஸ்ல பேசி எந்த ஊரு, ஆபத்து வந்தா எப்படி வெளிய கொண்டு வருவாங்கன்னு எல்லாத்தையும் கேட்டுட்டு முடிவெடுக்கட்டும். வேணாம்னு தோணினா திரும்பி வரலாம், அது தப்பே இல்ல. நான் உங்க இடத்துல இருந்தா அழுவேன், ஆனா தடுக்க மாட்டேன்.

கேள்வி: சண்டை நேரம் எங்கட பருத்தித்துறை ஆஸ்பத்திரியிலயும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு டாக்டர்மார் வந்து வேலை செய்தவை. இப்ப ஆப்கானிஸ்தான்ல பொம்பிளைப் பிள்ளையள் நர்ஸ் படிப்பும் படிக்கக் கூடாதாம். அப்ப இவ்வளவு காலமும் குடுத்த பயிற்சி வீண்தானே? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: வீண் இல்லைங்க. 2024 டிசம்பர்ல தாலிபான் நர்சிங், மிட்வைஃப் படிப்புலருந்தும் பெண்கள நிறுத்திட்டாங்க, மனசு கொதிக்குது. ஆண் டாக்டர்கிட்ட பெண்கள் போறதே கஷ்டமா இருக்குற ஊர்ல இது என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா ஏற்கனவே படிச்சு முடிச்சவங்க கத்துக்கிட்டத யாரும் பிடுங்க முடியாது. பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்குல அனாபாங்கிற ஊர்ல, இத்தாலி சர்ஜன் ஜீனோ ஸ்த்ராதா ஆரம்பிச்ச எமர்ஜென்சி அமைப்பு 2003ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி திறந்துது, அங்க பிரசவம் பாக்குறது முழுக்க பெண்கள்தான், அவங்கள்ல பலர் அந்த வட்டாரத்துலயே கத்துக்கிட்டவங்க. ஆட்சி மாறுன அப்புறமும் அங்க பிரசவம் நிக்கல. புதுசா வர ஆள் இல்லைங்கிறதுதான் இப்ப பயம், இருக்குறவங்களுக்கு வயசாகும்ல.

உங்க ஊர்ல அந்த டாக்டர்மாரோட நின்னு வேலை பாத்த நர்ஸம்மா யாராவது இருந்தா, என்ன கத்துக்கிட்டாங்கன்னு கேட்டு எழுதி அனுப்புங்க. இதே பக்கத்துல போடுறேன்.