பறக்கும் பறவையும் கமராவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தில் காலையில் நின்று ஆலா என்னும் நீர்ப்பறவைகளைப் படமெடுக்கிறேன். பெரும்பாலான படங்களில் பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. சிறகும் கலங்கித் தெரிகிறது. பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா? – வாசகர், மானிப்பாய்

பதில்: லென்ஸுக்குக் காசைக் கொட்டுமுன் காற்றைக் கவனியுங்கள். பறவைகள் எழும்புவதும் இறங்குவதும், அந்தரத்தில் சிறகடித்து நிற்பதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நடக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், இரை தேடும் ஆலாவின் முகமும் அந்தத் திசையையே நோக்கியிருக்கும். ஆகவே காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி மேற்கு நோக்கி நின்றால், வெளிச்சமும் பறவையின் முகமும் ஒருசேரக் கிடைக்கும். தென்மேற்கிலிருந்து சோழகக்காற்று வீசும் ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு தலைகீழாகும். வலசை வந்தவை பெரும்பாலும் திரும்பிவிட்டாலும் கொக்கும் மீன்கொத்தியும் இங்கேயே இருக்கும் என்பதால், அப்போது மாலையில் மேற்குக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள்.

சிறகு கலங்குவதற்கு ஷட்டர் வேகம் போதாமையே காரணம். ஆலாவுக்கு 1/2000 நொடி வேண்டும். அது நீரில் பாயும்போது 1/3200 இருந்தால் நல்லது. அதற்காகக் கமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 1600 வரை ஏறினாலும் கவலைப்படாதீர்கள். படத்தில் விழும் புள்ளிகளைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் கலங்கிய சிறகை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது.

பழகுவதற்கு ஏற்றது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேல் சில நொடிகள் அது ஒரே இடத்தில் நிற்கும்போது, சிறகுகள் படபடத்தாலும் தலை மட்டும் ஆணி அறைந்தாற்போல் அசையாதிருக்கும். அசையும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸை அந்தத் தலையில் வைத்துக்கொண்டு, அது சிறகை மடிக்குமுன்பே அழுத்தத் தொடங்க வேண்டும். மடித்ததைக் கண்டபின் அழுத்தினால் தெறித்த தண்ணீர்தான் மிஞ்சும். அப்படித் தெறித்த தண்ணீர் என்னிடம் ஓர் அல்பம் நிறைய இருக்கிறது.

கேள்வி: சரசாலையில் எடுத்த வெள்ளைக் கொக்கின் இறகுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிட்டன. திருத்த முடியுமா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: கமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் றோ (RAW) கோப்பாக நீங்கள் எடுத்திருந்தால் ஓரளவு முடியும். வழக்கமான ஜேபெக் (JPEG) படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் இறகின் விவரம் எதுவும் பதிந்திருக்காது. அங்கே வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாக மாறுமே தவிர இறகு திரும்பி வராது. கண்டல் மரங்களின் இருட்டைப் பார்த்துக் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியதால் வந்த வினை இது. அடுத்த முறை அத்தகைய பின்னணியில் வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் அளவு, அதாவது பாதியாக, குறைத்து எடுங்கள். வெளிச்சமான வானத்தில் பறக்கும் பறவைக்கு ஒரு ஸ்டொப் கூட்டுங்கள்.

றோ கோப்பில் முழுப் படத்தையும் இருட்டாக்காமல் மிகை வெளிச்சப் பகுதியை மட்டும் இறக்குங்கள். புள்ளி குறைப்பதைப் பின்னணியோடும், கூர்மை கூட்டுவதைப் பறவையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தை 100 வீத அளவில் பார்க்கும்போது அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால், கூர்மை மிஞ்சிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

கேள்வி: தரையில் அடைகாக்கும் ஆட்காட்டியைக் கிட்டப் போய் எடுக்கலாமா? – வாசகர், காரைநகர்

பதில்: வேண்டாம். தாய் எழும்பிப் போனால் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும்.

கேள்வி: வலை கட்டும் தடியிலிருந்து ஆலா எழும்பும் படம் ஒன்று வாய்த்தது. தடியை அழித்துவிட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா? – வாசகர், பருத்தித்துறை

பதில்: விதிகளை முதலில் வாசியுங்கள். காட்டுயிர்ப் படப் போட்டிகள் பலவற்றில் ஒளியையும் நிறத்தையும் அளவாகச் சரிசெய்யலாம், ஓரங்களை வெட்டலாம். ஒன்றைச் சேர்ப்பதற்கும் அழிப்பதற்கும் அனுமதியில்லை, றோ கோப்பையும் கேட்பார்கள். வீட்டுச் சுவருக்கானால் அது உங்கள் விருப்பம். நானென்றால் விட்டுவைப்பேன், பாசி படிந்த அந்தத் தடியைக் கண்டால்தான் இது நம் பரவைக்கடல் (ஆழமற்ற கடலேரி) என்று பார்ப்பவருக்குத் தெரியும். அது கண்ணை உறுத்தினால் அதன் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள், அல்லது வெட்டிப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும். சிறிய அச்சுக்கு அது தாராளம். வெட்டும்போது பறவையின் முதுகுப்புறத்தைவிட அலகுக்கு முன்னால் கூடுதல் இடம் விடுங்கள்.